மாமா கேட்டது சரிதான்

அந்த இரண்டு பெட்டிகளும் தப்பாக வந்திருக்கின்றன என்பது, அவற்றை மாமா வீட்டில் இறக்கி வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அவர் காதுக்கு அது தட்டுப்பட்டுக் கேட்டபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. தன் காதில்தான் கோளாறு என்று அவரே நம்பும்படி பேசிவிட்டேன். முதல் இரண்டை மன்னித்துவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றாவதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

மாமா கும்பகோணத்தில் இருக்கிறார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் முறையாக மிருதங்கம் கற்றுக்கொண்டார். மேடை ஏறும் வாய்ப்பு அமையவில்லை; கேட்பதை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. பாலக்காடு மணி ஐயர் வாசித்த பழைய கச்சேரிப் பதிவுகள் அவரிடம் ஏராளம். பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து அவற்றைக் கேட்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்து தரச் சொன்னார். "சத்தம் பெருசா வேண்டாம்டா. கை கேக்கணும்," என்றார். அவ்வளவுதான் அவர் தேவை.

ஃபுல்ரேஞ்ச் யூனிட்டில் செய்யலாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு சரியானது, இன்றைக்கும் அதைத்தான் எடுப்பேன். சாதாரண ஸ்பீக்கரில் கீழ் ஒலிக்கு ஒரு கோன், மேல் ஒலிக்கு ஒரு ட்வீட்டர் இருக்கும். நடுவில் கிராஸ்ஓவர், பெரும்பாலும் இரண்டாயிரம், மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியை இரண்டாகப் பிரித்து அனுப்பும். ஃபுல்ரேஞ்சில் எல்லாம் ஒரே கோனிலிருந்து வருகிறது. மிருதங்கத்துக்கு இது பெரிய விஷயம். அதன் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கரணை என்ற கறுப்புப் பூச்சு இட்டிருப்பதால் அதன் அடிநாதமும் மேல்நாதங்களும் ஒன்றுக்கொன்று இசைவான விகிதத்தில் நிற்கின்றன, சி.வி.ராமன் 1920லேயே 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நாதங்கள் அத்தனையும் ஒரே புள்ளியிலிருந்து புறப்பட்டு வரும்போது, விரல் தோலில் விழும் இடம் கூடத் தெரிகிற மாதிரி இருக்கும்.

தப்பு பெட்டியில் ஆரம்பித்தது. யூனிட்டின் குணத்தைப் பார்த்துத்தான் பெட்டியைத் தீர்மானிக்க வேண்டும். நான் பெட்டியை முதலில் தீர்மானித்துவிட்டேன். ஜப்பானில் தெட்சுவோ நகாவோகா என்ற ஆடியோ விமர்சகர் வடிவமைத்த 'ஸ்வான்' பெட்டியைப் படத்தில் பார்த்ததிலிருந்து மனசு அதிலேயே கிடந்தது. மேலே சின்னத் தலை, அதன் கீழே ஒடுங்கிய கழுத்து, அடியில் அகன்ற உடல். யூனிட்டின் முதுகுப்பக்க ஒலி உள்ளே மடிந்து மடிந்து விரிகிற குழாய் வழியாக வெளியே வரும். பின்புற ஹார்ன் என்பது இதுதான். என்னுடையதும் அந்த வகைதான்: உள்ளே ஏகப்பட்ட தடுப்புப் பலகைகள், ஒவ்வொன்றும் ஒரு கோணத்தில். செய்தவன் கெட்டிக்காரன் என்று பார்த்தவுடனேயே எல்லாரும் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு. மாமாவின் அறையில் அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கூட நான் யோசிக்கவில்லை.

ஹார்ன் பெட்டிக்கு வலுவான காந்தம் உள்ள யூனிட் வேண்டும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் ஆரம்பத்தில் விரிவாக்கிய கணக்கு முறையில், எந்த யூனிட்டையும் சில எண்களில் சொல்லிவிடலாம். அதில் க்யூடிஎஸ் என்பது, கோன் தன் இயல்பான அதிர்வில் ஆடும்போது அது எவ்வளவு அடக்கத்துக்குள் இருக்கிறது என்பதைக் காட்டும் எண். 0.3 பக்கத்தில் இருந்தால் காந்தம் கோனை இறுக்கிப் பிடித்திருக்கிறது, ஹார்ன் தாங்கும். 0.7 என்றால் பிடி தளர்வு. அதைப் பெரிய மூடிய பெட்டியிலோ, பெட்டியே இல்லாமல் திறந்த பலகையிலோதான் வைக்க வேண்டும். ரிச்சி தெருவில் நான் வாங்கிய நான்கு அங்குல யூனிட்டுக்கு 0.7. கூட வந்த தாளிலேயே அச்சடித்திருந்தது. படித்தேன். ஆனால் அதற்குள் பலகை அறுத்தாகிவிட்டது. எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மரவேலையில் மட்டும் எந்தக் குறையும் வைக்கவில்லை. 18 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட். எங்கள் தெரு ஆசாரியும் நானும் சேர்ந்து ஒவ்வொரு இணைப்பிலும் ஃபெவிகால் ஒழுக ஒழுக வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கினோம். யூனிட் உட்காரும் வட்டத் துளையை வெட்டியதும் அதன் உள்பக்க விளிம்பை அரத்தால் சரித்துத் தேய்த்தேன். கனமான பலகையில் சின்ன யூனிட்டை மாட்டினால் அந்தத் துளையே ஒரு குட்டிக் குழாய் ஆகிவிடும். கோனின் முதுகுக்கு மூச்சு விட இடம் இருக்காது. நாற்பத்தைந்து பாகைச் சரிவு கைக்கு மழமழவென்று வரும்வரை தேய்த்தேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அடிப்படையிலேயே தப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

கொண்டுபோவதற்கு முந்தின ராத்திரி மைக் வைத்து அளந்தேன். ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் கீழிருந்து மேல்வரை ஒரு சீரான சீழ்க்கையை ஓடவிட்டு, பெட்டி எந்த ஒலியைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று கோடாக வரைந்து காட்டும். நூறு ஹெர்ட்ஸுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு பெரிய மேடு. அதற்கு மேலே, குரலுக்குக் கனம் தருகிற இடத்தில் பள்ளம். இரண்டுக்கும் காரணம் எனக்குப் புரிந்தது. தளர்ந்த யூனிட்டை ஹார்னில் மாட்டியதால் மேடு. பெட்டியின் முகம் ஒடுக்கமாக இருந்ததால் பள்ளம்; ஒலியின் அலைநீளம் முகத்தின் அகலத்தைத் தாண்டும்போது ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் ஓடிவிடும். 115ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்தால் அது எங்கே நிகழும் என்று தோராயமாகக் கிடைக்கும். 20 செண்டிமீட்டருக்கு 575 ஹெர்ட்ஸ். அங்கிருந்து கீழே போகப் போக ஆறு டெசிபல் வரை இழப்பு. ஒரு கம்பிச்சுருளும் ரெசிஸ்டரும் இணையாகப் போட்டால் சரிக்கட்டலாம். ஃபுல்ரேஞ்சுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் எதுவுமே இருக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பேசிவைத்திருந்தேன், அதனால் அதையும் போடவில்லை. கோப்பை மூடிவிட்டேன்.

மாமா வீட்டில் முதலில் போட்டது ஒரு தனி ஆவர்த்தனம். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "தொப்பி எல்லாம் ஒரே சுருதியில கேக்குதேடா. கும்கி வழுக்கிட்டுப் போகணும். இது ஒரு இடத்துக்கு வந்தா ஊதுது, அப்புறம் காணாமப் போயிடுது," என்றார்.

முந்தின ராத்திரி நான் திரையில் பார்த்த கோட்டை அவர் வார்த்தையால் வரைந்து காட்டிவிட்டார். கும்கியில் மணிக்கட்டு, இடப்பக்கத் தோலான தொப்பியை அழுத்தி நகரும்போது சுருதி ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றம் பெட்டியின் மேட்டைக் கடக்கும் நொடியில் வீங்கும், தாண்டியதும் இளைக்கும். ஒரு கருவியும் இல்லாமல், முதல் தடவை கேட்டவுடனேயே சொன்னார்.

நான் சொன்னது இது: "புது யூனிட் மாமா. ஓட ஓடத்தான் தளரும். அதோட, நீங்க இத்தனை வருஷம் ரேடியோவிலயே கேட்டுப் பழகிட்டீங்க. நிஜமான பாஸ் இப்படித்தான் இருக்கும்."

புது யூனிட் ஓடினால் கொஞ்சம் தளரும் என்பது உண்மை. ஆனால் அது பெட்டியின் மேட்டைக் கரைக்காது. அது எனக்குத் தெரியும். அரை உண்மையை முன்னால் வைத்து முழுப் பொய்யை ஓட்டினேன். கூடவே க்யூ, ரெசனன்ஸ், டேம்பிங் என்று அவருக்குப் பழக்கமில்லாத சொற்களை அடுக்கினேன். அவர் தலையாட்டினார். படித்த பிள்ளை சொல்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

அதன்பிறகு நடந்தது எனக்கு வெகுநாள் தெரியாது, அத்தைதான் சொன்னார். மாமா மறுபடி மறுபடி அதே பதிவுகளைப் போட்டுக் கேட்டிருக்கிறார். தொப்பி ஊதிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கடைசியில் காது டாக்டரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார். வயதுக்கு ஏற்ற குறைவுதான், வேறு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதை அவர் தனக்குக் காது போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டார். பேரன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். தினம் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தவர், அதை நிறுத்திவிட்டார். "எனக்கே சரியா கேக்கல, அவனை நான் என்ன திருத்தறது," என்று சொன்னாராம்.

வயதானால் முதலில் போவது உச்ச ஒலிகள். நூறு ஹெர்ட்ஸ் பக்கத்துத் தொப்பியை அது தொடாது. இதை ஒரு நிமிஷத்தில் நான் அவருக்குச் சொல்லியிருக்கலாம். அத்தை சொன்ன பிறகும், போனைக் கையில் எடுத்து எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். என் கெட்டிக்காரத்தனம் அவர் கண்ணில் குறைந்துவிடும் என்ற பயத்தைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை.

ஒருவழியாக நேரில் போய்ச் சொன்னேன். அந்தக் கோட்டைத் திரையில் காட்டி, இந்த மேடுதான் நீங்கள் சொன்ன ஊதல், உங்கள் காதில் ஒன்றுமில்லை, முதல்நாளே எனக்குத் தெரியும் என்றேன். அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெட்டி சரியா வராதது பெருசில்லடா. அந்தப் பையனை இத்தனை நாள் தனியா வாசிக்க விட்டுட்டேனே," என்றார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேரனைக் கூப்பிட்டு மிருதங்கத்தை எடுத்துவரச் சொன்னார்.

இப்போது அதே யூனிட்டுகளுக்கு வேறு பெட்டி செய்துகொண்டிருக்கிறேன். மூடிய பெட்டி, 18 லிட்டர், வெளியிலிருந்து பார்த்தால் வெறும் செவ்வகம். யூனிட்டின் ஒத்திசைவு 80 ஹெர்ட்ஸ், அதன் கோனைப் பிடித்திருக்கும் விளிம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்று 6 லிட்டர். கணக்குப் போட்டால் பெட்டிக்குள் க்யூ 0.8, ஒத்திசைவு 92 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிறது. பெரிய பாஸ் கிடைக்காது, ஆனால் மேடு வெகுவாக அடங்கிவிடும். முகத்தை 24 செண்டிமீட்டராக அகலப்படுத்தி, சுருளும் ரெசிஸ்டரும் போடுகிறேன். மூன்று நான்கு டெசிபல் சத்தம் குறையும். அந்த அறைக்கு அது போதும். பின்பலகையை ஒட்டாமல், ஓரத்தில் ஃபோம் பட்டை வைத்து ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தியிருக்கிறேன். உள்ளே எவ்வளவு பஞ்சு வைப்பது என்பதை மாமாதான் தீர்மானிக்கப் போகிறார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியை வாசிக்க, அதே வாசிப்பைப் பதிவு செய்து பெட்டியில் போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, போதும் என்று அவர் சொன்ன பிறகுதான் கடைசி ஸ்க்ரூவை இறுக்குவேன்.