இரண்டாம் நம்பர் சிலிண்டர்

"காலையில நல்லாத்தான் ஓடுது மேஸ்திரி. அரை மணி நேரம் சேறு அடிச்சா உதற ஆரம்பிச்சிடுது. நாசில் ரெண்டு தடவை மாத்தியாச்சு."

டிரைவர் சொல்லி முடிக்கும்வரை மேஸ்திரி வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையோரத்தில் தகரக் கொட்டகைப் பட்டறை. நான் போனது ஜூன் கடைசியில். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. குறுவைக்கு உழவு ஓடுகிற நேரம், ஒரு வண்டி ஒருநாள் நின்றாலும் நாலு வீட்டு நடவு தள்ளிப்போகும்.

வந்திருந்தது பழைய மாசி பெர்குசன். ஆர்.சி. புத்தகத்தில் 1979 என்று இருந்தது. மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். இங்கிலாந்தில் பீட்டர்பரோவின் பெர்கின்ஸ் நிறுவனம் வடிவமைத்த குடும்பத்தைச் சேர்ந்தது, சென்னையில் சிம்ப்சனில் செய்தது. சிவப்புப் பெயின்ட் பாதி போய், பானெட் ஓரத்தைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

மேஸ்திரி எழுந்து வந்து கேட்டது ஸ்பேனர் இல்லை, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் நேற்றைய தாள். சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் அதைப் பிடித்தார். தாள் வெளிப்பக்கமாகப் படபடத்தது. நடுநடுவே ஒரு கணம் உள்ளே இழுபட்டது. "பாத்தியளா? ஒருத்தன் மூச்சை வெளிய விடாம உள்ள இழுக்குறான்" என்றார்.

எந்த ஒருத்தன் என்பது அடுத்த கேள்வி. ஓடுகிற இன்ஜினில் நாசிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார், விரலைத் தள்ளிவைத்துக்கொண்டு. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதல் நட்டைத் தளர்த்தியதும் இன்ஜின் தள்ளாடியது. மூன்றாவதிலும் அப்படியே. இரண்டாவதில் ஒரு மாற்றமும் இல்லை. வேலை செய்யாதவனை வேலையிலிருந்து நிறுத்தினால் யாருக்குத் தெரியும்?

இரண்டாவது நாசிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டார். அடியில் இருந்த செம்பு வாஷர்களைத் தீயில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தார். செம்பை அப்படிச் செய்தால் இளகி, மறுபடி நன்றாக அமரும். மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி நட்டைத் தளர்த்தினார். கோளாறு நாசிலோடு போகவில்லை, இரண்டாம் நம்பரிலேயே இருந்தது. ஆக, டிரைவர் வாங்கிப் போட்ட இரண்டு நாசிலும் தண்டச் செலவு. அதை மேஸ்திரி சொல்லவில்லை, டிரைவர் முகமே சொல்லிவிட்டது.

"இன்ஜின் ஆறட்டும்" என்று டீ வரவழைத்தார். இந்தத் தொழிலில் எனக்கு உறுத்துவது ஒன்று. பாகத்தை மாற்றினால் பில் போடலாம், கண்டுபிடித்ததற்கு எந்தப் பில்லிலும் இடமில்லை. அதனால் சந்தேகம் வந்ததும் நாசிலை மாற்று, பம்பைக் கழற்று என்று போகிற பட்டறைகளை முழுக்கக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேஸ்திரிக்கு உதவிக்கு இருந்த பையனுக்கும் அடுத்த மாதம் திருப்பூர் போகும் எண்ணம். "அங்க மாசம் பொறந்தா கையில காசு, சார்" என்றான். மேஸ்திரி டீயைக் குடித்தார், பேசவில்லை.

இன்ஜின் ஆறியதும் டாப்பெட் கவரைத் திறந்து, கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே நுழைத்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு இடைவெளி இருக்க வேண்டும். மற்ற வால்வுகளில் தகடு போய் வந்தது. இரண்டாம் நம்பர் எக்ஸாஸ்ட் வால்வில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

காலையில் நன்றாக ஓடும் வண்டி அரை மணியில் ஏன் உதறுகிறது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. வால்வு உட்காரும் இடம் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கி, அதன் தண்டு மேலே ஏறியிருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது எப்படியோ மூடிக்கொள்கிறது. சூட்டில் தண்டு நீண்டதும் ராக்கர் அதை அழுத்தித் திறந்தே வைக்கிறது. அமுக்கிய காற்று கசிந்து போனால் டீசல் எங்கே பற்றும்?

"ஆனா டாப்பெட் சத்தமே இல்லையே, மேஸ்திரி?" என்றார் டிரைவர்.

"கடகடன்னு சத்தம் போடுற டாப்பெட்டுன்னா லூசு, அது பாட்டுக்கு ஓடும். இறுகிப்போனதுதான் சத்தம் போடாது."

லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி, தகடு லேசாக உரசிப் போகிற அளவுக்கு வைத்து இறுக்கினார். அந்த வேலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு ஒரு மணி நேரம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, காலண்டரில் இன்றைய தாளையும் கிழித்துச் சைலன்சர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். அது வெளிப்பக்கமாகவே படபடத்தது.

"இது தாக்குப்பிடிக்கிறதுக்குத்தான். அம்பது மணி ஓடினதும் கொண்டா, கேப் பாக்கணும். தாளடி உழவு முடிஞ்சதும் ஹெட்டை இறக்கி சீட்டு மாத்திடணும்."

டிரைவர் அவசரமாகத் தலையாட்டி வண்டியில் ஏறினார். மேஸ்திரி சாக்பீஸை எடுத்துச் சுவரில், ஏற்கெனவே இருந்த ஏழெட்டு ஊர்ப் பெயர்களுக்குக் கீழே, இந்த வண்டியின் ஊர்ப் பெயரை எழுதி, பக்கத்தில் '2 எக்ஸ்' என்று போட்டார்.