இரத்தம் திரும்பாத போர்ட்

கீமோ மருந்துகளைக் கையிலுள்ள சிரைகளின் வழியாக மாதக்கணக்கில் செலுத்தினால் அவை தடித்து அடைபட்டுவிடும் என்பதால், டைட்டேனியத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சிறு அறை ஒன்றை மார்புத் தோலுக்கடியில் பதித்து, அதிலிருந்து செல்லும் மெல்லிய குழாயின் நுனியை, மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைச் சேரும் இடத்தில் நிறுத்துகிறார்கள். போர்ட் எனப்படும் இந்த அமைப்பைப் பற்றி மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் நீடர்ஹூபரும் குழுவினரும் 1982இல் எழுதினர். இன்று நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் வாழும் தமிழர் ஒருவர் அடுத்த ஊரான சோமர்வில்லின் ஸ்டீப்பிள்சேஸ் மையத்துக்கோ நியூ பிரன்ஸ்விக்கின் ரட்கர்ஸ் புற்றுநோய்க் கழகத்துக்கோ சென்று நீண்ட கீமோ தேவை என்று அறியும்போது, முதலில் பேசப்படுபவற்றுள் போர்ட்டும் ஒன்று.

போர்ட்டின் மேல்மூடி தடித்த சிலிக்கோனால் ஆனது. அதைத் துளைக்கும் ஹூபர் ஊசியின் முனை, சிலிக்கோனைச் செதுக்கி எடுத்துவிடாதபடி சற்றே வளைந்திருக்கும். ஊசி உள்ளே இறங்கியதும் செவிலியர் உப்புநீரைச் செலுத்திப் பார்த்து, பின் சிரிஞ்சை மெல்ல இழுத்து இரத்தம் திரும்புகிறதா என்று பார்ப்பார். இந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் அந்த இழுப்பில்தான் இருக்கிறது. உப்புநீர் தடையின்றிப் போகும், இரத்தம் மட்டும் வராது என்ற நிலை அடிக்கடி நேர்கிறது. குழாயின் நுனியைச் சுற்றி ஃபைப்ரின் என்ற இரத்த உறைபுரதம் உறைபோலப் படர்ந்து, கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வைப் போல ஒரு திசையில் மட்டும் வழிவிடுவதே பெரும்பாலும் காரணம். ஆனால் ஊசி மூடியைத் தாண்டாமல் வெளியே நின்றாலும், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நசுங்கி நசுங்கிக் குழாய் விரிசல் கண்டிருந்தாலும், வெளியில் தெரியும் அறிகுறி இதுவாகவே இருக்கக்கூடும். கசிவது உப்புநீர் என்றால் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். டாக்ஸோரூபிசினோ வின்கிறிஸ்டினோ கசிந்தால் தோலும் அடியிலுள்ள சதையும் வெந்து அழுகும்.

ஆகவே, பம்ப் ஒழுங்காக ஓடுகிறது, அது எச்சரிக்கை எதையும் எழுப்பவில்லை என்பது மருந்தைத் தொடங்கப் போதுமான காரணம் ஆகாது. நோயாளியைக் கையை உயர்த்தவும் இருமவும் மூச்சை இழுத்துப் பிடிக்கவும் சொல்லிப் பார்ப்பதும், தேவையானால் ஊசியை மாற்றுவதும், அதிலும் பயனில்லையெனில் மருத்துவரின் உத்தரவோடு 2 மில்லிகிராம் ஆல்டிப்ளேஸ் என்ற உறைகரைப்பானைக் குழாய்க்குள் விட்டு 30 முதல் 120 நிமிடம் காத்திருப்பதும், அப்போதும் இரத்தம் வராவிட்டால் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பதும் வழக்கம். சிறிய சிரிஞ்சால் அழுத்தித் தள்ளி அடைப்பை உடைக்கும் ஆசை மட்டும் கூடாது; சிரிஞ்சு சிறுத்தால் அழுத்தம் கூடிக் குழாயே கிழியும் என்பதால்தான் 10 மில்லிக்குக் குறைந்த சிரிஞ்சை அங்கே அனுமதிப்பதில்லை. வரிசையில் பலர் காத்திருக்கும் நாளில் இவ்வளவு பொறுமை காட்டுவது கடினம் என்பது உண்மையே, ஆயினும் வேறு வழியில்லை.

தொற்று இதைவிட ஓசையோடு வருகிறது. போர்ட்டுக்குள் உப்புநீர் செலுத்திய சிறிது நேரத்தில் நோயாளி நடுங்கத் தொடங்கினால், கிருமி குழாயிலேயே குடியிருக்கிறது என்று ஐயப்பட இடமுண்டு. போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே வேளையில் எடுத்த இரத்தத்தை வளர்த்துப் பார்க்கையில், போர்ட் இரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்தி வளர்ந்தால் அந்த ஐயம் வலுப்பெறும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸோ கேண்டிடா என்ற பூஞ்சையோ தெரிந்தால் போர்ட்டைக் கழற்றுவதே பொதுவான முடிவு. கீமோ நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சலுக்கு வீட்டிலேயே டைலனாலைப் போட்டுக்கொண்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருப்பது ஆபத்தானது. கையோ கழுத்தோ வீங்கினால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அப்போதும், வேலை செய்கிற, இன்னும் தேவைப்படுகிற போர்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு உறைவெதிர்ப்பு மருந்து தருவதே பெரும்பாலும் வழக்கம்.

இடத்துக்கே உரிய சிறு தொல்லைகளும் உண்டு. போர்ட் பெரும்பாலும் வலப்புறம் வைக்கப்படுகிறது; அமெரிக்கக் கார்களில் ஓட்டுபவருக்கு இடத்தோளில் விழும் சீட்பெல்ட், அருகில் அமர்பவருக்கு வலத்தோளில் விழுவதால், கீமோ முடிந்து வேறொருவர் ஓட்ட வீடு திரும்பும் நோயாளிக்கு அது நேராகப் போர்ட்டின்மேல் படும். மெத்தென்ற துணியை இடையில் வைத்துக்கொள்ளலாமே தவிர, பெல்ட்டைக் கழற்றிவிடக் கூடாது. பயன்படுத்தாத போர்ட்டையும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சில மையங்களின் வழக்கப்படி மூன்று மாதம் வரை இடைவெளி விட்டு, கழுவ வேண்டும் என்பதால், சென்னையில் நெடுநாள் தங்கப் போகிறவர்கள் போர்ட் அட்டையை எடுத்துச் செல்வதும், அங்கே ஹூபர் ஊசி கிடைக்குமா என்று முன்பே கேட்டுவைப்பதும் நல்லது.

மருந்து ஏறத் தொடங்குமுன் இரத்தம் திரும்பியதா என்று நோயாளி கேட்கலாம்; கேட்பதை எந்த நல்ல செவிலியரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஏறும்போது போர்ட்டைச் சுற்றி எரிந்தாலோ வலித்தாலோ வீங்கினாலோ, அவர் வேலையாக இருக்கிறாரே என்று தயங்காமல் அந்த நொடியே சொல்ல வேண்டும். டாக்ஸோரூபிசின் கசிந்தால் தரப்படும் டெக்ஸ்ரசாக்ஸேன் மருந்தை 6 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.