அழைப்பு காத்திருக்கும்

வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசி பாவிப்பதை முற்றாகத் தடை செய்ய வேண்டுமா? அல்லது கையில் பிடித்துப் பேசுவதை மட்டும் தடுத்தால் போதுமா? பல நாடுகளில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த விவாதம் நடக்கிறது. சட்டம் இயற்றுவோரும் வைத்தியர்களும் பேச வேண்டிய விடயம், இதில் எமக்கு என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். எம்மில் பலரிடம் சைக்கிளைத் தவிர வேறு வாகனம் இல்லை. ஆனால் பஸ்ஸில் போகிறவர்கள் நாம். ஓட்டோவில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிறவர்கள் நாம். தலையில் சுமையுடன் வீதியோரமாக நடக்கிறவர்களும் நாம்தான். அதோடு, ஓடிக்கொண்டிருக்கிற சாரதிக்கு வீட்டிலிருந்து போன் எடுப்பவர்களும் பல வேளைகளில் நாமாகவே இருக்கிறோம். ஆகவே இந்த விவாதத்தில் எமக்கும் ஓர் இடம் உண்டு.

கையில் பிடித்தபடி தொலைபேசியில் பேசிக்கொண்டு வாகனம் ஓட்டுவது நம் நாட்டிலும் பொலிஸார் தண்டம் விதிக்கும் குற்றம்தான். அமெரிக்காவில் முதன்முதலாக நியூயோர்க் மாநிலம் 2001 இல் இதற்குத் தடை விதித்தது. பிரித்தானியாவில் 2003 டிசம்பர் 1 முதல் தடை உள்ளது. இந்தியா 2019 இல் தனது மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது இதையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் பெரும்பாலான சட்டங்கள் சாரதியின் கையைத்தான் கட்டுகின்றன. காதில் வயரைச் செருகிக்கொண்டு பேசினால் அது குற்றமாவதில்லை. இது சரியா என்பதுதான் கேள்வி.

சில மாதங்களுக்கு முன் ஓர் அலுவலாகக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு பஸ்ஸில் போனேன். முறிகண்டியில் வழமைபோல் பஸ் நின்றது. சாரதி இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து ஏறினார். பஸ் வெளிக்கிட்டு வேகம் பிடித்ததும் அவருடைய போன் அடித்தது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன். பேச்சு நீண்டுகொண்டே போனது. வீதியில் மாடுகள் நின்றன. ஹோர்ன் அடித்து, ஒதுக்கி, ஒருமாதிரித் தப்பினோம். பஸ்ஸுக்குள் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

எனக்கு முன் இருக்கையில் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா இருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பி, "தம்பி, போனை வைச்சிட்டு ஓடுங்கோ" என்றார். நானும் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து சொன்னோம். சாரதி கோபப்படவில்லை. "வீட்டிலயிருந்து அம்மா, பிள்ளைக்குக் காய்ச்சலாம்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து வயரை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, "இப்ப சரிதானே?" என்று கேட்டார்.

"கை சரி தம்பி. புத்தி இன்னும் வீட்டிலதானே நிக்குது. நாங்களும் வீட்டுக்குத்தான் போகோணும்" என்றார் அந்த அம்மா.

சாரதி கொஞ்சத் தூரம் பேசாமல் ஓடினார். பிறகு மாங்குளத்துக்கு முன்னால் ஓர் ஓரமாக பஸ்ஸை நிறுத்தி, இரண்டு நிமிடம் மனைவியுடன் பேசினார். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். போனை அணைத்து வைத்துவிட்டு மீண்டும் ஓட்டினார். அந்த இரண்டு நிமிடத்தால் எங்களில் எவருடைய அலுவலும் கெட்டுப் போகவில்லை.

அந்த அம்மா படித்தவரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்னதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள். கனடாவின் ரொறொன்ரோவில், விபத்தில் சிக்கிய 699 சாரதிகளின் தொலைபேசிக் கணக்குகளை இருவர் ஆராய்ந்தார்கள். 1997 இல் அதன் முடிவு வெளியானது. தொலைபேசியில் பேசும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டார்கள். கையில் பிடிக்காமல் பேசுவது அதைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. 2006 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். உண்மையான வீதியைப் போலக் காட்டும் ஒரு பொறியில் நாற்பது பேரை ஓட்டவைத்துச் செய்த ஆய்வு அது. போனில் பேசியவர்கள் பிறேக் பிடிக்கத் தாமதித்தார்கள். அவர்களின் தடுமாற்றம், சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை குடித்தவர்களின் தடுமாற்றத்துக்குக் குறைந்ததல்ல என்று கண்டார்கள். கையில் பிடித்தாலும் காதில் செருகினாலும் வேறுபாடு இருக்கவில்லை.

குடித்துவிட்டு ஓட்டுகிற ஒருவரின் ஓட்டோவில் நாம் பிள்ளையை ஏற்றி விடுவோமா? போன் பேசிக்கொண்டு ஓட்டுகிறவரின் ஓட்டோவில் மட்டும் ஏன் ஏற்றுகிறோம்?

போனில் வந்த செய்தியைப் படிப்பது இன்னும் மோசம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு செக்கனில் 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். ஐந்து செக்கன் திரையைப் பார்த்தால் 80 மீற்றருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அந்தத் தூரத்துக்குள் ஒரு பாடசாலை வாசல் வரலாம், ஒரு மாடு வரலாம், பால் வாங்கப் போகிற ஒரு சிறுமி வரலாம்.

2010 ஓகஸ்ட் 5 ஆம் திகதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு விபத்து நடந்தது. 19 வயது இளைஞர் ஒருவர் 11 நிமிடங்களில் 11 குறுஞ்செய்திகளை அனுப்பியும் பெற்றும் வாகனம் ஓட்டியிருக்கிறார். முன்னால் போன லொறியில் அவருடைய வாகனம் மோதியது. பின்னால் வந்த இரண்டு பாடசாலை பஸ்களும் வந்து மோதின. அந்த இளைஞரும் பஸ்ஸில் இருந்த ஒரு மாணவியும் உயிரிழந்தார்கள். 38 பேர் காயமடைந்தார்கள். இதை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, அவசரத் தேவை தவிர்ந்த வேளைகளில் சாரதிகள் இத்தகைய கருவிகளைப் பாவிப்பதை முற்றாகத் தடை செய்யும்படி 2011 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் சிபாரிசு செய்தது. காதில் செருகிப் பேசுவதும் அதில் அடங்கும். ஆனால் மாநிலங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. கையைக் கட்டுவதோடு நின்றுவிட்டன.

முழுத்தடை வேண்டாம் என்பவர்களின் நியாயங்களையும் நாம் கேட்க வேண்டும். "பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் பேச்சுத்தானே?" என்கிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் வீதி தெரிகிறது. ஒரு வளைவு வந்தால் அவர் தானாகவே பேச்சை நிறுத்துவார், "பார்த்து, பார்த்து" என்பார். போனில் பேசுபவருக்கு மாடு நிற்பதும் தெரியாது, மழை பெய்வதும் தெரியாது.

"காதில் செருகியிருப்பதைப் பொலிஸார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்பது அடுத்த கேள்வி. கண்டுபிடிப்பது கடினம்தான். ஆனால் பிடிபடாது என்பதற்காக ஓர் ஆபத்து ஆபத்தில்லாமல் போய்விடாது.

மூன்றாவது நியாயம் பிழைப்பு. ஓட்டோ ஓட்டுகிறவருக்கு சவாரி போனில்தான் வருகிறது. ஓட்டோ ஓட்டிப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்களும் எம் மத்தியில் இருக்கிறார்கள். ஒரு சவாரி தவறினால் அன்றைய மரக்கறிக் காசு தவறும். இதை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் ஓரமாக நிறுத்தி எடுக்க ஒரு நிமிடம் போதும். கால் முறிந்து படுத்தால் எத்தனை மாதம் போகும் என்று எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த மூன்றுக்கும் மேலாக இன்னொரு காரணம் இருக்கிறது. சட்டம் பற்றிய விவாதங்களில் எவரும் அதைப் பேசுவதில்லை. எமக்கு மட்டும் தெரிந்த காரணம் அது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவளுடைய கணவர் 2009 இல் காணாமற் போனவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அவள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள். போகும்போது போனைத் தலைக்கவசத்துக்குள் காதோடு செருகிக்கொண்டுதான் போவாள். "ஏன் பிள்ளை, இறங்கின பிறகு பார்க்கலாந்தானே?" என்று ஒருநாள் கேட்டேன். "தெரியாத நம்பர் என்டா எடுக்காம இருக்கேலாது அக்கா. ஒருவேளை அவரா இருந்தா?" என்றாள்.

அவளுக்கு என்ன சட்டம் சொல்வது? எத்தனை ஆயிரம் தண்டம் விதித்தாலும் அந்த நம்பிக்கையை விலைக்கு வாங்க முடியாது.

அவளுடைய மனம் எம் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வரும் ஒரு துண்டுக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் நாம். முகாமில் இருந்தபோது யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறிய ஊர் ஊராக விசாரித்தவர்கள். ஒரு செய்தி தவறினால் ஓர் ஆளே தவறிப் போவார் என்ற பயம் அப்போது எமக்குள் குடியேறியது, இன்னும் போகவில்லை. அதனால்தான் அடிக்கிற போனை விட்டுவைக்க எம்மால் முடிவதில்லை. நாம் எடுக்கும்போது மறுபக்கம் பதில் இல்லையென்றால் நெஞ்சு பதறி, திரும்பத் திரும்ப எடுக்கிறோம். அந்தப் பக்கம் மகன் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருப்பான். தாயின் பதற்றத்தை அறிந்தவன், ஒரு கையை விட்டு எடுப்பான்.

அன்றைய நிலைமை வேறு, இன்றைய போன் வேறு. தவறிய அழைப்பு இன்று தொலைந்து போவதில்லை. நம்பர் அப்படியே பதிவாகி இருக்கும். பத்து நிமிடம் கழித்தும் எடுக்கலாம், மறுநாளும் எடுக்கலாம். இதைத்தான் அந்தத் தங்கச்சிக்கும் சொன்னேன். "அவராகவே இருந்தாலும், எடுத்துக் கதைக்க நீ இருக்க வேணும் பிள்ளை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். இப்போது போன் அடித்தால் ஸ்கூட்டரை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள். எடுக்காமல் விடுவதில்லை. நிறுத்தாமல் எடுப்பதும் இல்லை.

நம் நாட்டில் வீதி விபத்துகளில் வருடந்தோறும் 2000 இற்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். இத்தனை வருடப் போரில் பிழைத்து வந்தவர்களை வீதியில் பறிகொடுக்க எம்மால் இயலாது. சட்டம் காதில் செருகிப் பேசுவதையும் தடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை எம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். வீட்டில் உள்ளவர் வாகனம் ஓட்டுகிறார் என்று தெரிந்தால் போய்ச் சேரும்வரை எடுக்காமல் இருப்போம். எடுத்துவிட்டு அவர் ஓட்டுவது தெரிந்தால், "நிப்பாட்டிப்போட்டு எடுங்கோ" என்று சொல்லி உடனே வைப்போம். பஸ்ஸிலும் ஓட்டோவிலும் மரியாதையாக, ஆனால் கேட்கும்படி சொல்வோம். புறப்படும் பிள்ளையிடம், "போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்ட் கோல் தா, அது போதும்" என்று சொல்லி அனுப்புவோம்.