கித்துல்கலையில் உறங்கிய கார்

கொழும்பிலிருந்து அவிசாவளை, யட்டியாந்தோட்டை வழியாக மலைநாட்டிற்கு ஏறும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில், களனி கங்கையின் கரையிலே அமைந்துள்ளது கித்துல்கல. பாணியும் கருப்பட்டியும் தரும் கித்துல் மரமே இவ்வூருக்குப் பெயர் தந்தது. 1957ஆம் ஆண்டு வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்திற்காக மரப்பாலம் கட்டி, கதைப்படியே அதை வெடிவைத்துத் தகர்த்ததும் இவ்வூர் ஆற்றின்மீதுதான். அவ்விடத்தைக் காண்பதற்கு இன்றும் பயணிகள் வருகின்றனர்.

நாம் காணச் சென்றதோ, அத்திரைப்படத்தின் காலத்தைச் சேர்ந்த வேறொரு பொருள். தோட்டத்துப் பங்களா ஒன்றின் கார்க் கொட்டகையில், தார்ப்பாயின் கீழ்ப் பல்லாண்டுகளாக உறங்கிக் கிடந்தது ஓர் எம்.ஜி.ஏ. கார். 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இவ்வகை விளையாட்டுக் கார்கள் தோட்டத் துரைமாரின் செல்லப் பொருள்களாக இருந்தன. நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் போட்டி, அக்கால வேக மோகத்திற்குச் சான்று. துரைமார் கப்பலேறினர்; 1975இல் அந்நியக் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; கார்கள் சில இங்கேயே தங்கிவிட்டன.

கித்துல்கலையைப் பசுமையாக்கும் மழையே உலோகத்திற்குப் பகையாகிறது. இக்காரின் எஞ்சினுக்குக் காற்றையும் பெற்றோலையும் கலந்து ஊட்டும் இரண்டு எஸ்.யூ. காபுரேற்றர்களும் இறுகிப் போயிருந்தன. பெற்றோல் ஆவியாகி அரக்குப் போன்ற படிவை விட்டிருந்தது; அலுமினிய உடலில் வெண்பொடி பூத்திருந்தது.

எஸ்.யூ. காபுரேற்றரின் அமைப்பு எளிது. மணி போன்ற மூடிக்குள் ஒரு பிஸ்டன் உண்டு. எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப அது உயரும். அதன் அடியிலுள்ள கூம்பிய ஊசியும் உடன் உயர்ந்து, வேண்டிய அளவு பெற்றோலுக்கு வழிவிடும். தொடக்கத்தில் இப்பிஸ்டன் செய்யும் வேலையைத் தோலால் ஆன துருத்தி ஒன்றே செய்தது. இதனை உருவாக்கிய ஸ்கின்னர் குடும்பத்தார் பாதணி வணிகர் என்பதை அறிந்தால் இதில் வியப்பேது?

காருக்கு வைத்தியராக வந்தவர் தோட்டத்து லயத்தில் பிறந்து கராஜில் முதிர்ந்த பெரியவர் ஒருவர். 1970களில் இறக்குமதி இறுகி, உதிரிப் பாகங்கள் கிடைக்காத நாள்களில் தொழில் கற்றவர். துணைக்கு வந்த பேரன் உயர்தர வகுப்பு மாணவன். அவன் சுத்தியலை எடுத்ததும், "தட்டிடாத ராசா! இறுகினது உடஞ்சது இல்ல. ஊறட்டும்," என்றார் பெரியவர்.

பெற்றோலை முற்றும் வடித்து, காபுரேற்றர்களைக் கழற்றி, ஒவ்வொன்றின் பாகங்களையும் அடையாளமிட்டுத் தனித்தனித் தட்டில் வைத்தார். மூடியும் பிஸ்டனும் சேர்த்துப் பொருத்தப்பட்ட இணை. ஒன்றின் மூடியை மற்றதற்கு மாற்றலாகாது. மண்ணெண்ணெயுடன் சிறிது எஞ்சின் எண்ணெய் கலந்து இரண்டு இரவுகள் ஊறவிட்டார். மூன்றாம் நாள் வெளிப்புறத்தில் வெந்நீர் ஊற்றினார். அலுமினியம் பித்தளையைவிட மிகுதியாக விரியுமாதலால் பிடி தளரும். தீச்சுவாலை காட்டுவதோ பேராபத்து. பின்னர் மூடியை நேராகவே தூக்கினார். சாய்த்தால் ஊசி வளைந்துவிடும்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போமா, தாத்தா?" என்றான் பேரன்.

"தேய்ச்சா இடைவெளி கூடிப்போகும், அப்புறம் காத்து களவா நுழைஞ்சிரும்," என்று மென்துணியால் மட்டுமே துடைத்தார். உலர்ந்து சுருங்கிய தக்கை வளையங்கள் மாற்றப்பட்டன. இறுதியில் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டார். 'டக்' என்னும் தெளிந்த ஓசையோடு அது விழுந்தது. மெல்லிய எண்ணெய் சிறிதளவு மேலே ஊற்றப்பட்டது.

ஆயினும் பெரியவர் எஞ்சினை இயக்க விடவில்லை. அக்ஸிலேற்றருடன் இணைந்த காற்றுத் தகட்டின் அச்சை நூறு முறையாவது திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது தானே மூடிக்கொள்ள வேண்டும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் சாலை வளைவுகள் நிறைந்தது; ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். அங்கே காலை எடுத்த பின்னும் தகடு திறந்தே நின்றால் காரும் உயிரும் நம் கையில் இல்லை. "ஓடுறது பெருசில்ல ராசா, சொன்ன இடத்துல அடங்கணும்," என்றார்.

பழைய காரை விலைபேசி வாங்குவோர் பலருண்டு. இப்பொறுமையை வாங்குவது எங்ஙனம்? அது கையிலிருந்து கைக்கு மட்டுமே சென்று சேரும் செல்வம். இத்தகைய முதியோர் நம் தோட்டங்களிலும் நகரங்களிலும் இன்னும் சிலர் உளர். விடுமுறை நாளொன்றில் அவர்தம் பக்கத்தில் அமர்ந்து, திருப்புளியைப் பிடிக்கக் கற்பது மாணவர்க்குப் பெரும்பயன் தரும். சுத்தியலை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதும் அங்கேதான் விளங்கும்.