நாணமும் நட்டமும்

ஈட்டிய பொருளை இல்லத்தில் காப்பதற்குப் பூட்டு ஒன்று போதும். அயல்நாட்டில் காப்பதற்கோ அறிவு வேண்டும். அங்கே ஊர் புதிது, மொழி புதிது, முகங்களும் புதியன. கையிலுள்ள வங்கி அட்டையொன்றையே வழிச்செல்வோர் நம்பி நிற்கின்றனர்.

ஏ.டி.எம். என்னும் பணப்பொறி, இலண்டன் மாநகரின் வடபாலுள்ள என்ஃபீல்டில், 1967 ஆம் ஆண்டு ஜூன் 27 ஆம் நாள் மக்கள் பயன்பாட்டிற்கு வந்தது. அதனை வகுத்தவராகப் போற்றப்படும் ஜான் ஷெப்பர்டு பாரன், நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். மறை எண்ணை ஆறு இலக்கமாக அமைக்க அவர் எண்ணினார். தம் மனைவியார் நினைவில் நான்கு இலக்கமே நின்றமையால் அதனை நான்காகக் குறைத்ததாக அவரே கூறியுள்ளார். அந்நான்கு இலக்கங்களையே இன்று கள்வரும் நாடி நிற்கின்றனர்.

மதுரைத் துணிவணிகர் ஒருவர், மகளின் பட்டமளிப்பு விழாவைக் காண இலண்டன் சென்றார். மகளுக்குப் பரிசு வாங்க விரும்பி, அந்தி வேளையில் தெருவோரப் பொறியொன்றில் அட்டையைச் செலுத்தினார். பணமும் வரவில்லை, அட்டையும் மீளவில்லை. பின்னால் நின்ற ஒருவன், "ஐயா, எண்ணை மீண்டும் அழுத்துங்கள், அட்டை வந்துவிடும்" என்று இன்முகத்துடன் கூறினான். அவர் அழுத்தினார், அவன் கண் அதனைக் கவர்ந்தது. "நாளை வங்கியில் கேளுங்கள்" என்றும் அவன் நயமாக உரைத்தான்.

வணிகர் வீடு திரும்பினார். 'மகள் நகைப்பாளோ' என நாணி, நடந்ததை மறைத்தார். பொறியின் வாயில் கள்வன் முன்னரே மெல்லிய நாடாவை ஒட்டி வைத்திருந்தான். அவர் அகன்றதும் அட்டையை உருவி, கண்ட எண்ணைக் கொண்டு பணத்தைக் கவர்ந்தான். அன்றிரவு ஒருமுறை, மறுநாட் காலை மறுமுறை.

செய்தியறிந்த மகள், "அப்பா, பணம் போனது பெரிதன்று. நேற்றே சொல்லியிருந்தால் உடனே அட்டையை முடக்கியிருப்போமே! பாதியேனும் தப்பியிருக்குமே!" என்று வருந்தினாள். வணிகர் தலை கவிழ்ந்தார். முதற் கொள்ளைக்குக் காரணம் கள்வன் சூழ்ச்சி. இரண்டாம் கொள்ளைக்குத் துணை நின்றது அவர்தம் நாணம் அன்றோ!

ஆதலின், அயல்நாடு செல்வோர் வங்கிக் கட்டடத்தின் உள்ளிருக்கும் பொறியையே நாடுதல் நலம். அட்டை நுழையும் வாயைத் தொட்டு அசைத்துப் பார்த்தல் வேண்டும். அட்டையின் செய்தியைப் படியெடுக்கும் போலிக் கருவியை அதன்மேல் பொருத்துவோரும் உளர். எண்ணை அழுத்தும்போது மறுகையால் மறைத்தல் வேண்டும். ஒளித்து வைத்த சிறு படக்கருவியும் அதனால் ஏமாறும். அயலார் உதவியைப் பணிவுடன் மறுத்தல் வேண்டும். வங்கியின் தொலைபேசி எண் அட்டையின் பின்புறத்தில் உண்டு; அட்டை போனால் அதுவும் போகும். ஆகவே அதனைத் தனியே குறித்து வைத்தல் வேண்டும்.

இந்திய அட்டையை அயல்நாட்டில் பயன்படுத்த, உரியவரே அவ்வசதியைத் திறந்துகொள்ளும் முறையை இந்திய ரிசர்வ் வங்கி 2020 இல் ஏற்படுத்தியது. செல்லும்போது திறந்து, எடுக்கும் தொகைக்கு எல்லை வகுத்து, திரும்பியதும் மூடிவிடுதல் அறிவுடைமை.

இத்தனையும் செய்தும் ஒருகால் ஏமாற நேரிடலாம். ஏமாறுதல் இழிவன்று, ஏமாற்றுதலே இழிவு. நாணி வாய்மூடி நிற்கும் ஒவ்வொரு நொடியும் கள்வனுக்கு நாம் அளிக்கும் கொடை. உடனே உரைப்போம், உள்ளதைக் காப்போம்.