ஏழாவது பரீட்சை



பிளஸ் டூவில் மொத்தம் ஆறு பரீட்சை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன். எங்க பெரியம்மா பொண்ணு பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், ஏழாவதாக ஒன்று இருப்பது தெரிந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

2025-ஆம் வருஷம் பிளஸ் டூ பரீட்சை மார்ச் 3-ந் தேதி தொடங்கி 25-ந் தேதி முடிந்தது. அக்கா விடுதியைக் காலி பண்ணிக்கொண்டு, தகரப் பெட்டியோடு சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியது. நான்தான் ஓடிப்போய் பெட்டியை வாங்கினேன். "இனிமே உனக்கு ஜாலிதான்க்கா, படிக்கவே வேணாம்" என்றேன். அக்கா சிரிச்சது, ஒண்ணும் சொல்லல.

மறுநாள் விடிந்ததும் பெரியம்மா அக்காவை எழுப்பி விட்டாங்க. அப்போது நம்ம மலையில் புளி சீசன் இல்லையா? வாசல் நிறைய புளி காய்ந்தது. ஓடு தட்டணும், நார் உரிக்கணும், கொட்டை எடுக்கணும். பக்கத்து வீட்டுப் புளியையும் அக்கா கூலிக்குத் தட்டியது. முந்தாநாள் வரைக்கும் பேனா பிடித்த கை, நாலு நாளில் கறுத்துப் போய் விரல் நுனியெல்லாம் வெடிச்சுப் போச்சு. எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் மாசம் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரங்க பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாங்க. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குச் சந்தோஷம். கல்யாணம் என்றால் புதுப் பாவாடை தாவணி கிடைக்குமே! அக்கா மட்டும் வெளியே வராமல் புளி தட்டிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் உள்ளே பேசுகிறவங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிற அளவுக்குத் தட்டியது.

அவங்க போன பிறகு ஆயா சொன்னாங்க: "ஏன் கண்ணு மொகத்த தூக்கி வெச்சிருக்க? அந்த ஜட்ஜம்மா கூட கல்யாணம் கட்டிக்கிட்டுத்தானே படிச்சுது?"

ஆயா சொன்ன ஜட்ஜம்மா யார் என்று உங்களுக்கே தெரியும். நம்ம ஜவ்வாது மலைப் புலியூர்ப் பக்கத்து ஸ்ரீபதி அவர்கள். நம்மைப் போல மலையாளி இனத்தில் பிறந்து, ஏலகிரி மலையில் பள்ளிப்படிப்பு முடித்து, சட்டம் படித்தாங்க. 2023 நவம்பரில், குழந்தை பிறந்த இரண்டாம் நாளே காரில் சென்னைக்குப் போய் சிவில் நீதிபதி தேர்வு எழுதி, 23 வயதில் தேர்ச்சி பெற்றாங்க. 2024 பிப்ரவரியில் முதலமைச்சரே வாழ்த்துச் சொன்னார். நம்ம மலை முழுக்க அந்தப் பேச்சாகவே இருந்தது.

அக்கா ஆயாவிடம் கோபப்படவே இல்லை. "ஜட்ஜம்மா காலேஜ் போயி படிச்சாங்க இல்ல ஆயா? நானும் மொதல்ல போறேன். எனக்கு இன்னும் 18 ஆகல. இப்ப கல்யாணம் பண்ணி வெச்சா அந்த ஜட்ஜம்மாவே வந்து உன்னத்தான் கேப்பாங்க" என்றது. ஆயா உடனே, "எனக்கு என்னாத்துக்குடி வம்பு" என்று எழுந்து போயிட்டாங்க. பெரியப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் சரி என்று சொல்லவில்லை. "ரிசல்ட் வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மே 8-ந் தேதி காலையில் ரிசல்ட். எங்க ஊரில் டவர் கிடைக்காது. நானும் அக்காவும் பெரியப்பா செல்போனை எடுத்துக்கொண்டு மேல்பாறைக்கு ஏறினோம். ஏறும்போது அக்கா ஒரு வார்த்தை பேசல. 600-க்கு 431. அக்கா பாறையில் உட்கார்ந்து அழுதது. பாஸ் ஆனவங்க ஏன் அழணும் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அன்று ராத்திரி அக்கா பரண் மேலே இருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கியது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பேங்க் புத்தகம் எல்லாம் அதில் இருந்தது. பத்தாவது படிக்கும்போதே வகுப்பு டீச்சர் விடாமல் சொல்லிச் சொல்லி வாங்க வைத்தாங்களாம்.

மறுவாரம் பெரியப்பா, அக்கா, நான் மூணு பேரும் ஜமுனாமரத்தூர் போனோம். கம்ப்யூட்டர் சென்டரில் அரசு கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டோம். பெரியப்பா இடுப்பில் பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே, "எவ்ளோ கட்டணும் தம்பி?" என்று கேட்டார். "எஸ்.டி.க்கு விண்ணப்பக் கட்டணம் இல்லைங்க. பதிவுக் கட்டணம் ரெண்டு ரூபா" என்றார் அந்த அண்ணன். "ரெண்டாயிரமா?" என்றார் பெரியப்பா. "ரெண்டு ரூபாங்க!" பெரியப்பா நம்பவே இல்லை. பிரிண்ட் எடுத்ததற்குத் தனியாகக் கேட்டாங்க. அதை அக்கா தன் புளிக் கூலியில் இருந்து கொடுத்தது.

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் என்பதையும் அந்த அண்ணன்தான் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியப்பா, "அங்க ஹாஸ்டல்ல சோறு நல்லா போடுவாங்களா?" என்று கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவர் சரி என்று சொல்லிவிட்டார். ஜூன் மாசம் கலந்தாய்வுக்குக் கூப்பிட்டாங்க. அக்கா திருவண்ணாமலையில் பி.ஏ. வரலாறு சேர்ந்தது.

ஆனால் இன்னொன்றும் சொல்லணும். அக்காவோடு படித்த ஒரு அக்கா, இவங்களைவிட அதிக மார்க். அப்பா பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருந்ததால் சாதிச் சான்றிதழ் வாங்க முடியவில்லை. எஸ்.டி. சான்றிதழ் கோட்டாட்சியர் விசாரித்துத் தருவது. நினைத்த உடனே கிடைக்காது. கலந்தாய்வு நாளில் அந்த அக்கா கையில் அது இல்லை. இப்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யறாங்க. அவங்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அவங்க பரீட்சையில் தோற்கவில்லையே!

அதே 2025-இல் சேலம் மாவட்டம் கல்வராயன் மலை, கருமந்துறை பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவி ஒருத்தங்க ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் பழங்குடியினர் பிரிவில் 417-ஆவது இடம் பிடித்து ஐ.ஐ.டி. போனாங்க. அவங்களும் நம்ம இனம்தான். மலையில் பிறந்ததால் படிப்பு வராது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. படிப்பு வருது. படித்து முடித்த பிறகு வருகிற அந்த ரெண்டு மாசத்தைத்தான் நாம தாண்டணும்.

போன வாரம் என் தாள்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஆதாரில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு! அப்பாவிடம் சொல்லி இருக்கேன், அடுத்த சனிக்கிழமை போகிறோம். தோழிகளே, நீங்களும் இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தப் பையைத் தேடுங்க. பை இல்லை என்றால், டீச்சரிடம் கேளுங்க. நமக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி