ஃபைல் பெயரில் ஸ்பேஸ் விடலாமா?

விடலாம் என்பதுதான் என் கட்சி. டாஸ் காலத்தில் எட்டெழுத்துக்குள் பெயரை நசுக்கினோம். விண்டோஸ் 95 வந்துதான் 255 எழுத்து வரை, இடைவெளியோடு தாராளமாக எழுத விட்டது.

லினக்ஸ் டெர்மினலில் இன்னும் தகராறுதான். 'வீட்டு வரி.பிடிஎஃப்' என்ற ஃபைலை அழிக்கச் சொன்னால் 'வீட்டு' ஒன்று, 'வரி.பிடிஎஃப்' ஒன்று என இரண்டைத் தேடும். பெயருக்கு மேற்கோள் குறி போட்டால் தீர்ந்தது. அது விடுபட்டதால்தான் 2001-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் 2 இன்ஸ்டாலர், டிஸ்க் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலரது டேட்டாவையே துடைத்துவிட்டது.

இதில் பெயர் வைத்தவர் என்ன பாவம் செய்தார்? மேற்கோள் குறி போடுவது ஸ்கிரிப்ட் எழுதுபவர் வேலை.

ஆனாலும் சர்வருக்கு ஏற்றும் ஃபைலுக்கு நான் அண்டர்ஸ்கோர்தான் போடுகிறேன். ஊரார் எழுதிய ஸ்கிரிப்டை நம்ப முடியுமா என்ன? நீங்கள் எந்தக் கட்சி?